சாமுவுக்கு வலிப்பு வந்த கதை

அன்று என் கணவர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தார். ராத்திரியெல்லாம் பெய்த மழை விட்டு வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதில்.

ஷூவை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்து, என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“எஸ்தரு, குடிக்க கொஞ்சம் தண்ணி குடேன்.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் தண்ணீர் கேட்டதில்லை. தானே குடத்தில் மொண்டு குடிக்கிறவர். நான் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தேன். எப்போதும் அங்கே இருக்கும் பேனாவைக் காணோம்.

எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். நம் வீட்டு ஆள். யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

ஒரு வாசகியின் கேள்வி

தண்ணீர் கேட்டால் சாவா என்று நீங்கள் நினைக்கலாம். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மணவாள நகரில் நாங்கள் வீடு கட்டியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்த உங்கள் வீட்டுக்காரர் எப்படி அவ்வளவு சீக்கிரம் மேலே வந்தார்? எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுங்களேன்.”

விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். என்னால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

என் கணவர் ஜெயசீலன் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. மேலே இருப்பவர்களோடு சொந்தமும் கிடையாது. அவரிடம் இருந்தது ஒன்றுதான். யாரிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று குரல்

அவர் வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, எங்களுக்கு முந்தைய தலைமுறை வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். நெல் அறுக்கும் நாட்களில் அவர் தன் அப்பாவோடு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய் மாட்டுக் கொட்டகை ஓரமாக நிற்பாராம்.

அந்த நிலத்துக்காரருக்கு மூன்று குரல் இருந்ததாகச் சொல்வார். ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினால் ஒரு குரல். சொந்தக்காரர் வந்தால் ஒரு குரல். இவருடைய அப்பாவிடம் பேச வேறொரு குரல்.

“மத்த பசங்கெல்லாம் மாங்கா மரத்தப் பாத்துக்கினு இருப்பானுங்க. நான் அவரு வாயப் பாத்துக்கினு இருப்பேன்” என்பார்.

இரும்பு வார்ப்பு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது. அங்கே மேனேஜராக இருந்தவர் ஆந்திரப் பக்கத்துக்காரர். மனசு நன்றாக இருக்கும் நாளில் எல்லோரையும் ‘நைனா’ என்பார். இவர் டீக்கடையில் நின்று நின்றே தெலுங்கு கற்றுக்கொண்டார். ஆனால் மேனேஜரிடம் தெலுங்கில் பேசமாட்டார். அவர் தெலுங்கில் திட்டும்போது புரிந்துகொண்ட முகத்தோடு நிற்பார், அவ்வளவுதான்.

மேனேஜர் ஜோக் சொன்னால் எப்போது சிரிக்கவேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் கணக்கு உண்டு. சீக்கிரம் சிரித்தால் முன்னாலேயே கேட்ட ஜோக் என்று நினைப்பார். ரொம்ப லேட்டாகச் சிரித்தால் புரியவில்லை என்று நினைப்பார். அடுத்தவனைப் பற்றிக் கெட்டது எதையும் தானாகப் போய்ச் சொல்லக்கூடாது, அவரே கேட்கிற வரைக்கும் காத்திருக்கவேண்டும். இதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது எனக்குச் சொல்லப்படும்.

எனக்கும் பாடம் இருந்தது. மேனேஜர் வீட்டம்மா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தபோது சொன்னார்:

“எந்த ஊருன்னு கேட்டா கவரைப்பேட்டைன்னு சொல்லு. கவரைப்பேட்டைல எங்கன்னு கேட்டா ஸ்டேஷன் பக்கம்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா காபி எடுத்தாரேன்னு உள்ள போயிடு.”

அந்தம்மா கேட்டார். நான் மூன்றையும் செய்தேன்.

பொதட்டூர்பேட்டைக்குப் போனது

ஃபேக்டரியில் யாராவது செத்துப்போனால் வீட்டுக்குத் தகவல் சொல்ல என் கணவரைத்தான் அனுப்புவார்கள். முதலில் வேறு யாரோ போய்க் கல்லடி வாங்கி வந்தார்களாம். இவர் போக ஆரம்பித்த பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உலைப் பக்கம் வேலை செய்த ஒரு ஆள் இறந்துவிட்டான். பொதட்டூர்பேட்டையில் வீடு. பெண்சாதி சின்னப் பெண் என்பதால், பக்கத்தில் உட்கார ஒரு பொம்பளை தேவை என்றார்.

கம்பெனி காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார். இறங்கியதும் கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து பேண்ட் பைக்குள் போட்டார்.

“பேனாவப் பாத்தா கையெழுத்து வாங்க வந்துக்கிறான்னு நெனப்பாங்க.”

வாசலில் ஷூவைக் கழற்றினார். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் கேட்டார். ஒரு கிழவி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்தார்.

அதன் பிறகுதான் பேசினார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். சீரியஸ் என்றார். கடைசியில்தான் நம்மை விட்டுப் போய்விட்டான் என்றார். அந்த ஆளை வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிடுவார்கள். அதை எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். “நம்ம குட்டி” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. வீடே அவரைக் கட்டிக்கொண்டு அழுதது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: “ஏன் மொதல்ல தண்ணி கேட்டீங்க?”

“தண்ணி குடுத்துட்டாங்கன்னா அப்பறம் கை ஓங்க மாட்டாங்க. கொஞ்ச நேரத்துக்காவது நம்ம அவங்க ஊட்டு ஆளு.”

அதைச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். திருத்தணி தாண்டும்வரை அவர் தலை என் தோளில் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை இவ்வளவு பதமாக யாரால் செய்யமுடியும் என்றுதான் அன்று நினைத்தேன்.

சாமு

இப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குத் திரும்புகிறேன்.

நான் எழுந்து தண்ணீர் கொடுக்கவில்லை. “யாருன்னு சொல்லுங்க” என்றேன்.

“நம்ம சாமு…”

“ஆஸ்பத்திரின்னு சொல்லாதீங்க. நேரா சொல்லுங்க.”

“போயிட்டான்” என்றார். அவர் குரல் உடைந்தது. அது தானாக உடைந்ததா, உடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சாமுவேல் என் ஒரே தம்பி. அதே ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் ஹெல்ப்பராக இருந்தான். என் கணவர்தான் சேர்த்துவிட்டார். நடந்துகொள்ளும் விஷயத்தில் இவருக்கு நேர் எதிர். மேனேஜரையே “இன்னா சார், தூக்கமில்லியா?” என்று கேட்பான். “வாய மூடிக்கினு வேலையப் பாருடா, சீக்கிரம் பர்மனென்ட் பண்ண வெக்கிறேன்” என்று இவர் சொன்னால், “வாய மூடிக்கினா மூச்சு எப்டி மாமா உடறது?” என்பான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்சாதி லில்லி மாசமாக இருந்தாள்.

அன்று காலையில் ஃபேக்டரிக் கூரை ஒழுகியிருக்கிறது. மேலே ஏறி அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நனைந்த சிமெண்ட் ஷீட். கயிறும் இல்லை, மிதிக்கப் பலகையும் இல்லை. “ஷீட்டு தாங்காது” என்று சாமு சொல்லியிருக்கிறான். ஏறமுடியாவிட்டால் கேட்டுக்கு வெளியே போ என்று பதில் வந்திருக்கிறது. ஏறினான். ஷீட் உடைந்து கீழே விழுந்துவிட்டான்.

இதையும் என் கணவர்தான் சொன்னார். அந்த மீன் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு இதே விஷயத்தை அவர் இப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒரு வார்த்தை

கவரைப்பேட்டை தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில், அம்மா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அம்மாவின் பக்கத்தில் லில்லி சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

என் கணவர் அம்மாவிடம் வந்து மெல்லப் பேச ஆரம்பித்தார்.

“அத்தை, போலீஸ்காரங்க கேப்பாங்க. கேஸ்னு போனா வருசக் கணக்குல இழுக்கும். லில்லி வயித்துப் புள்ளயோட கோர்ட்டு வாசல்ல நிக்கணும். நம்ம சாமுவுக்கு வலிப்பு வரும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, மேல ஏறுனப்ப வலிப்பு வந்து உழுந்துட்டான்னு முடிச்சிடுவாங்க. லில்லிக்கு கேண்டீன்ல பர்மனென்ட் வேல. அது என் பொறுப்பு.”

“அவனுக்கு ஏது வலிப்பு?” என்றேன் நான்.

“எனக்குத் தெரியாதா எஸ்தரு?”

“அம்மா, இவரு பேசறத கேக்காத. எல்லா ஊட்லயும் இவரு இப்டித்தான் பேசுவாரு. இதான் இவரு வேல.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

“உம் புருசன வெறுங்கையோட திருப்பி அனுப்புனா அவர உட்டுருவாங்களா? போனது ஒண்ணு. மிச்சம் ரெண்டு பொண்ணுங்க பொழைக்கணுமில்ல?”

ரெண்டு பொண்ணு என்று அவர் சொன்னது லில்லியையும் என்னையும்.

போலீஸ் ஸ்டேஷனில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். “வலிப்பு வரும் சார்” என்றார் அம்மா. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“எத்தினி வயசுலேர்ந்து?”

இந்தக் கேள்விக்கு என் கணவர் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“சின்ன வயசுலேர்ந்து சார். மொத மொத ஏரிக்கரையில வந்துச்சி.”

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மேலே வந்தோம்

லில்லிக்கு வேலை கிடைத்தது. அதில் என் கணவர் சொன்ன சொல் தவறவில்லை. குழந்தை பெண். ஜெனிஃபர் என்று பெயர் வைத்தோம்.

சில மாதங்களில் என் கணவருக்கும் பதவி உயர்வு வந்தது. திருவள்ளூர் பக்கம் இருந்த கம்பெனியின் இன்னொரு கிளைக்கு ஆபீசராகப் போனார். வாசகிக்கு நான் சொல்லவேண்டிய பதில் இதுதான். சொந்த மச்சான் செத்த வீட்டிலேயே கம்பெனிக்குச் சத்தம் வராமல் முடித்துக்கொடுத்த ஆள் என்று மேலிடத்தில் அவருக்குப் பெயர் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆளை யார் விடுவார்கள்?

நாங்கள் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார். ஆனால் ஆபீசில் யாரிடம் எப்படிப் பேசினார் என்று அவர் சொல்வது நின்றுபோனது. நானும் கேட்கவில்லை. அவர் வீட்டில் பேசும்போது இது எந்தக் குரல் என்று கவனிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அது வந்த பிறகு ஒரு மனிதரோடு இருப்பது கஷ்டம்.

அம்மாவிடம் வளர்ந்தது

நான் கவனிக்காமல் விட்டது அம்மாவை.

முதலில் யாராவது கேட்டால்தான் வலிப்பு என்பார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு சர்ச்சில் ஜெபம் பண்ணும்போது, வலிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஊர் வாய்க்காக என்று நான் நினைத்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குப் போனபோது கதையில் இரும்புச் சாவி வந்திருந்தது. ஏரிக்கரையில் விழுந்த சாமுவின் கையில் யாரோ சாவியை வைத்து அழுத்தினார்களாம். இன்னொரு வருஷம் வாயில் நுரை வந்தது. அடுத்து, ஊத்துக்கோட்டை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதும் வந்தது. எங்கள் அப்பாதான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அப்பா, சாமு கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டவர்.

“அம்மா, இதெல்லாம் எப்ப நடந்துச்சி?” என்று கேட்டேன்.

“உனுக்கு இன்னா தெரியும்? நீ இஸ்கூலுக்குப் பூட்ட.”

நான் விட்டுவிட்டேன். கூரையிலிருந்து விழும் மகனைவிட ஏரிக்கரையில் விழுந்து எழுந்துகொண்ட பிள்ளையை நினைத்துக்கொண்டு அவரால் தூங்கமுடிந்தது. தூங்கட்டும் என்று இருந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெனிக்குப் பெரியபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவளோடு வேலை செய்கிற பையன். இருவருக்கும் பிடித்துப்போய்த்தான் விஷயம் பெரியவர்களிடமே வந்தது. பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பையன் வீட்டிலிருந்து பேச்சு நின்றுபோனது.

பையனின் சித்தப்பா ஒருவர் அந்தப் பழைய ஃபேக்டரியில் வேலை பார்த்தவராம். பெண்ணின் அப்பா வலிப்பு வந்து செத்தவர் என்று அவர் சொல்லிவிட்டார். ரத்தத்தில் இருந்தால் பிள்ளைக்கும் வருமே என்று பயந்துவிட்டார்கள்.

என் கணவர் ரிடையர் ஆகியிருந்தார். தானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். போய், நடந்ததையெல்லாம் அப்படியே சொல்லியிருக்கிறார். அது பொய், அந்தப் பொய்யைச் சொல்லவைத்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறார்.

“நம்புனாங்களா?” என்று கேட்டேன்.

“ரொம்ப மரியாதியா பேசுனாங்க” என்றார். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “நான் எத்தினி பேர் கிட்ட அப்டிப் பேசியிருப்பேன். எனக்குத் தெரியாதா?”

ஆனாலும் பையன் விடாமல் நின்றதால் அவனுடைய அம்மா ஒரு வழி சொல்லி அனுப்பினார். சாமுவைப் பெற்ற தாய் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மனசு ஆறிவிடும் என்றார். லில்லி சொன்னதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம்கூடச் சேர்ந்து வாழாதவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

முந்தின நாள் சாயங்காலமே நாங்கள் ஊருக்குப் போய்விட்டோம். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு வருகிறவர்களிடம், சாமுவுக்கு வலிப்பு கிடையாது, கம்பெனிக்காகச் சொன்னது என்று சொல்லிவிடு என்றேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இல்ல அத்தை. அன்னிக்குச் சொன்னதுதான் பொய். நான்தான சொல்லச் சொன்னேன்?”

“நீங்க இன்னா சொன்னீங்க? எம் புள்ள எனுக்குத் தெரியாதா?” அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் புத்தி பிசகிவிட்டது போலப் பார்த்தார். “நீங்க எங்க ஊட்டுக்கு வராத காலம் அது. ஏரிக்கரையில அவன் கெடந்த கெடப்ப நான் பாத்துக்கினு இருந்தேன்.”

என் கணவர் வாயைத் திறந்தார். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேரை ஒத்துக்கொள்ள வைத்தவர். ஒன்றும் வராமல் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் பையனும் அவன் அம்மாவும் சித்தப்பாவும் வந்தார்கள். லில்லி கேசரி கிண்டியிருந்தாள். நாங்களே பேசி முடித்துவிடலாம் என்று பார்த்தோம். அந்தம்மா நேராக என் அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியம்மா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. உங்க மவனுக்கு அந்த மாதிரி எதுனா இருந்துச்சா?”

அம்மா சொல்ல ஆரம்பித்தார். ஏரிக்கரை, நுரை, சாவி, ஊத்துக்கோட்டை வைத்தியர், அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தம்மாவும் அழுதார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்கிறவர் முகம் அது இல்லை என்பது வந்தவர்களுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

கொஞ்சநேரம் வேறு என்னென்னவோ பேசினார்கள். மழை இல்லை, நெல் விலை என்றெல்லாம். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். போகும்போது சித்தப்பா என் கணவருக்குக் கை கொடுத்தார்.

என் கணவர் அவர்களோடு வாசல்வரை போனவர் உள்ளே வரவில்லை. லில்லி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“ஏன் கேசரி துன்னாமப் பூட்டாங்க?” என்று அம்மா கேட்டார்.

“டயம் ஆயிடுச்சாம் ஆயா” என்றாள் ஜெனி. கட்டியிருந்த பட்டுப்புடவையோடு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். “நான் நல்லாத்தான பேசுனேன்?”

“நல்லாப் பேசுன ஆயா.”

“உங்கப்பனுக்கு இருந்தது உனுக்கும் இருக்கும்டி. வேல செய்யற எடத்துல ஒசரமா எங்கியும் ஏறாத. எவன் ஏறச் சொன்னாலும் ஏறாத. இன்னா?”

ஜெனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏற மாட்டேன் ஆயா” என்றாள்.